சுருக்கப் பதிப்பு வாங்கும் முன் பீப்பாயைத் தேடுங்கள்

பிள்ளைகளுக்குச் சாகச நாவல்களின் சுருக்கப் பதிப்பு வாங்கும்போது அட்டைப் படத்தை நம்பாதீர்கள். கதையின் உயிரான ஒரு காட்சியைத் தேடி, கடையில் நின்றபடியே படித்துப் பாருங்கள்.

ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' (1883) என்றால் ஆப்பிள் பீப்பாய்க் காட்சி. ஆப்பிள் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கிய சிறுவன் ஜிம், வெளியே கப்பலின் சமையல்காரன் லாங் ஜான் சில்வர் ஓர் இளம் மாலுமியைச் சதிக்கு இழுப்பதை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான். நடுவில் சில்வர், ஓர் ஆப்பிள் எடுத்து வரச் சொல்வான் பாருங்கள், நமக்கே நெஞ்சு படபடக்கும்! இதையெல்லாம் விட்டுவிட்டு, 'சில்வரின் சதியை ஜிம் ஒட்டுக்கேட்டான்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். பேச்சு பேச்சாகவே இருந்தால், பாதியாகக் குறைத்திருந்தாலும் தாராளமாக வாங்கலாம்.

ஜூல்ஸ் வெர்னின் 'எண்பது நாள் உலகப் பயணம்' வாங்குகிறீர்களா? நாவலில் கதாநாயகன் ஃபாக் பலூனில் பறப்பதே இல்லை. அது 1956-இல் வந்த ஹாலிவுட் படத்தின் கைவரிசை. அட்டையில் பலூன் இருந்தால்கூடப் போகட்டும். உள்ளேயும் பறந்தால், சுருக்கியவர் நாவலைப் புரட்டவே இல்லை என்று அர்த்தம்.