வெள்ளத் தடுப்பு பிளான் பண்றீங்களா? சுவர் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கயிறு கட்டுங்க

வெள்ளம் வடிஞ்ச மறுவாரமே எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், ஆத்தோரம் சுவர் எப்போ கட்டுவீங்கன்னு. அதுக்கு முன்னாடி தண்ணி எந்த வழியா ஊருக்குள்ள வந்துச்சுன்னு பாக்கணும். ஆறு கரைய மீறுச்சா, பெய்ஞ்ச மழை வடிய வழியில்லாம தெருவுலயே நின்னுச்சா, இல்ல மழைநீர் வடிகால் வழியா ஆத்துத்தண்ணி ரிவர்ஸ்ல ஏறுச்சா? மூணுக்கும் வைத்தியம் வேற. சுவத்துல படிஞ்ச சேத்துக்கோட்ட வெள்ளையடிக்கறதுக்குள்ள போட்டோ எடுத்து, தரையிலேர்ந்து எவ்ளோ உயரம்னு டேப் வச்சு அளந்து தெருவாரியா மேப்ல குறிச்சிடுங்க. தண்ணி எங்க எவ்ளோ ஏறும்னு கணக்குப் போடுற கம்ப்யூட்டர் மாடல் சொல்றது சரியான்னு பாக்க இது ரொம்ப உதவும், பெயிண்ட் அடிச்சிட்டா போச்சு.

அடுத்து எந்த அளவு வெள்ளத்துக்கு டிசைன் பண்றதுங்கறது. '100 வருஷ வெள்ளம்'னு சொன்னா மக்கள், அதான் இப்ப வந்துடுச்சே, இனிமே பேரன் காலத்துலதான்னு நினைச்சுக்குவாங்க. உண்மையில எந்த வருஷத்த எடுத்தாலும் வர்றதுக்கு 1 சதவீத வாய்ப்பு, அவ்ளோதான் அர்த்தம். 30 வருஷ வீட்டுக்கடன் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது வர வாய்ப்பு சுமார் 26 சதவீதம், அதாவது நாலுல ஒண்ணு. மீட்டிங்ல இப்படியே சொல்லுங்க, டக்குனு புரியும்.

சுவர் கட்டினா இன்னொரு தலைவலி, உள்ள பெய்யற மழை வெளிய போகாது. வடிகால் ஆத்துல சேர்ற இடத்துல தண்ணி வெளிய மட்டும் போற மாதிரி ஒருவழிக் கதவு வேணும், ஆறு உசந்தா அது மூடிக்கும், அப்போ உள்ள சேர்ற தண்ணிய இறைக்க பம்ப், பம்புக்கு ஜெனரேட்டர், ஏன்னா கரண்ட் போறது கரெக்டா அன்னிக்குத்தான் இருக்கும்.

ஆத்துக்கு இடம் விடறதும் ஒரு வழி. நெதர்லாந்துல நைமேகன் நகரத்துல வால் (Waal)ங்கற ஆத்தோட கரைய 350 மீட்டர் உள்ள தள்ளி வச்சு புதுசா ஒரு கால்வாயும் வெட்டினாங்க, வெள்ள மட்டம் சுமார் 35 சென்டிமீட்டர் குறைஞ்சுது. ஆனா அதுக்காக சுமார் 50 வீட்ட எடுக்க வேண்டியிருந்துச்சு, அதையும் சேத்துத்தான் சொல்லணும்.

இப்போ மக்கள் விஷயம். என்னக் கேட்டா பாதி வேலை இதுதான். பெரிய ஸ்க்ரீன்ல கலர் கலரா மேப் போட்டா யாருக்கும் ஒண்ணும் புரியாது. சுவர் வரப்போற இடத்துல கம்பு நட்டு, சுவரோட உயரத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டி ஒரு வாரம் அப்படியே விட்டுடுங்க. அவங்கவங்க வாசல்ல நின்னு பாப்பாங்க, 'ஐயோ ஆறே தெரியாது போலயே'ன்னு ஒருத்தர், 'இவ்ளோதானா, போன தடவ இதுக்கு மேலல்ல வந்துச்சு'ன்னு இன்னொருத்தர். ரெண்டுமே டிராயிங் முடியறதுக்கு முன்னாடி காதுல விழணும். ஆறு மறையுதுன்னா கண்ணாடிப் பேனல் வச்ச சுவர், இல்ல எச்சரிக்கை வந்தா மட்டும் மாட்டுற கழட்டுத் தடுப்புன்னு வழி இருக்கு. ஆனா கழட்டுத் தடுப்புக்கு நடுராத்திரி ஆள் வந்து மாட்டணும், யாரு வருவான்னு அப்பவே கேட்டுடுங்க.

'நீங்க கட்டினா எங்க பக்கம் தண்ணி தள்ளுமே'ன்னு எதிர்க்கரைக்காரங்க கேக்குறது நியாயமான கேள்வி, அப்படி நிஜமாவே நடக்கும். அவங்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிட்டு, அவங்க பக்கம் மட்டம் எத்தன சென்டிமீட்டர் ஏறும்னு கணக்கக் காட்டுங்க. 'நாப்பது வருஷமா இருக்கேன், இங்கல்லாம் தண்ணியே வராது'ன்னு சொல்ற பெரியவர்கிட்ட வாதாடாதீங்க, அவர் பாத்த பழைய வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சுன்னு கூட நடந்து காட்டச் சொல்லுங்க. நிலம் போறவங்ககிட்ட மட்டும் கூட்டத்துல வச்சுப் பேசக்கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் பேசணும். 'பாத்துக்கலாம்'ங்கற வார்த்தையே வேணாம், கேள்விய நோட்டுல எழுதி, பதில் சொல்ற ஆளையும் தேதியையும் பக்கத்துலயே எழுதுங்க.

கட்டி முடிச்சப்புறம் பராமரிப்ப யாரு பாக்கறதுன்னும் அதே நோட்டுல இருக்கணும். மண்கரைன்னா எலி வளை, மரவேர் ரெண்டும் எதிரி. வெள்ளம் நிக்கும்போது கரைக்குப் பின்பக்கம் நடந்து பாருங்க, எங்கயாவது ஊத்து மாதிரி கொப்பளிச்சு தண்ணி கலங்கலா வந்து சுத்தி மணல் குவிஞ்சா, அடியில கரைய அரிக்குதுன்னு அர்த்தம். பயத்துல அந்த ஊத்தோட வாயை அடைச்சிடாதீங்க, வேற இடத்துல பிச்சுக்கும். சுத்தி மணல்மூட்டைய வட்டமா அடுக்கி, உள்ள தண்ணிய உசர விடுங்க, கலங்கல் தெளியற வரைக்கும் ஏத்திக்கிட்டே போகணும். உடனே இன்ஜினியருக்கு போன் பண்ணிடுங்க.