ஜெபத்தில் உடல் நிலையும் மூடிய கண்களும்

கண்களை மூடித்தான் ஜெபிக்க வேண்டும் என்ற கட்டளை வேதாகமத்தில் எங்கும் இல்லை. லாசருவின் கல்லறையருகே இயேசு தம் கண்களை ஏறெடுத்துப் பிதாவை ஸ்தோத்திரித்தார் (யோவான் 11:41). இயேசு சொன்ன உவமையில் வரும் ஆயக்காரனோ (வரி வசூலிப்பவன்) கண்களை வானத்துக்கு ஏறெடுக்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்டான் (லூக்கா 18:13). இருவருடைய ஜெபமும் கேட்கப்பட்டது. ஆகவே கண்களை மூடுவதைச் சிதறும் கவனத்தைக் கூட்டிச்சேர்க்கும் நல்ல பழக்கமாக மட்டுமே கருதுங்கள்.

உடலின் நிலையை ஜெபத்தின் தன்மையே தீர்மானிக்கட்டும். பாவ அறிக்கைக்கும் பாரமான விண்ணப்பத்துக்கும் முழங்கால்படியிடுவது பொருந்தும். தானியேல் நாள்தோறும் மூன்று வேளை அவ்வாறே ஜெபித்தார். துதியையும் ஸ்தோத்திரத்தையும் நின்று ஏறெடுக்கலாம். 325-ஆம் ஆண்டில் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம், உயிர்த்தெழுதலின் மகிழ்ச்சிக்குரிய ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே காலத்திலும் (ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரையுள்ள ஐம்பது நாட்கள்) எல்லாரும் நின்றே ஜெபிக்க வேண்டும் என்று தன் 20-ஆவது விதியில் வகுத்தது. இதை நம் சபைகளில் அதிகமானோர் அறிந்திருப்பதில்லை. மூட்டுவலியுள்ள பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்து ஜெபிப்பதற்காக மனம் வருந்தவே வேண்டாம். தாவீதும் கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்துதான் ஜெபித்தார் (2 சாமுவேல் 7:18).

முழங்கால்படியிடுகிறவர்கள் ஜமுக்காளத்தை நான்காக மடித்து முழங்காலுக்கு அடியில் போட்டு, முழங்கைகளைக் கட்டில் விளிம்பில் ஊன்றிக்கொள்ள வேண்டும். குதிகாலின்மேல் அழுந்த உட்கார்ந்தால் சற்று நேரத்தில் கால் மரத்துப்போய், ஜெபத்தில் இருந்த மனம் காலுக்குப் போய்விடும்.

கண்களை மூடியவுடன் பகலில் நடந்த பேச்சும் நாளைய வேலையும் வரிசையாக வந்து நிற்பது பலருடைய அனுபவம். அப்போது மனதோடு போராடாமல், சங்கீதப் புத்தகத்தைத் திறந்து வைத்து, ஒரு வசனத்தை மெதுவாக வாசித்து, கண்களை மூடி அதையே உங்கள் சொந்த வார்த்தைகளில் ஜெபமாக்கி, பிறகு கண்களைத் திறந்து அடுத்த வசனத்துக்குச் செல்லுங்கள். 51-ஆம் சங்கீதமும் 103-ஆம் சங்கீதமும் இதற்கு மிகவும் ஏற்றவை. தூக்கம் அழுத்தினால் எழுந்து, கண்களைத் திறந்தபடி அறைக்குள்ளேயே நடந்து ஜெபியுங்கள்: "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று கெத்செமனே தோட்டத்தில் இயேசு சொன்னதே நித்திரையாயிருந்த சீஷர்களுக்குத்தான். வண்டி ஓட்டும்போது ஒருபோதும் கண்களை மூடாதீர்கள்.

குடும்ப ஜெபத்தில் சிறு பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தால் அதட்டாமல், அதன் கைகளை உங்கள் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, அது நன்கு அறிந்த தாத்தா, பாட்டி, பள்ளித் தோழர் ஆகியோரின் பெயர்களைச் சொல்லிச் சுருக்கமாக ஜெபியுங்கள்.