பிரிந்த பிறகு வரும் வருமான வரி பாக்கி: என்ன செய்ய வேண்டும்?

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி, ஓசூரில் லாரி என்று கணவர் நடத்திய தொழில் மனைவியின் பான் எண்ணில் ஓடியிருக்கும். விவாகரத்தான பின் பாக்கி மனைவி தலையில் விழும். "வரியை அவரே கட்டுவார்" என்று தீர்ப்பில் இருந்தாலும் வருமான வரித் துறை பான் எண்ணைத்தான் பார்க்கும். அதேபோல அவர் பான் எண்ணில் உள்ள பாக்கி பொதுவாக உங்களைச் சேராது. ஆனால் அவர் பணம் வாங்காமல் உங்களுக்கு எழுதித் தந்த வீடு, நிலத்தை அவர் பாக்கிக்காக ஜப்தி செய்யச் சட்டத்தில் இடமுண்டு. பத்திரம் பதியும் முன்பே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

முதல் வேலை, இ-ஃபைலிங் தளத்தில் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுவது. பழைய கணவரின் எண்ணே அங்கே இருந்தால் நோட்டீஸ் அவருக்குப் போகும். வங்கிக் கணக்கு முடங்கும்போதுதான் உங்களுக்குத் தெரியும். பாஸ்வேர்டு இல்லையென்றால் ஆதார் ஓடிபி போதும். ஆதாரிலும் அவர் எண் என்றால் முதலில் ஆதார் மையத்துக்குப் போங்கள்.

பிறகு 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் பாக்கியைத் திறந்து, ஏஐஎஸ் அறிக்கையோடு (உங்கள் பான் எண்ணில் துறைக்கு வந்துள்ள வருமான விவரங்களின் பட்டியல்) ஒப்பிடுங்கள். கூட்டு வைப்பு நிதியின் வட்டி முழுவதும் முதல் பெயருக்குரியவர் கணக்கில் ஏறியிருக்கும். சரிபார்க்காமல் "டிமாண்ட் இஸ் கரெக்ட்" (பாக்கி சரிதான்) என்று அழுத்தாதீர்கள். பின்னர் அதை மறுக்க முடியாது. உத்தரவில் வெளிப்படையான பிழை இருந்தால், அது பிறப்பிக்கப்பட்ட நிதியாண்டு முடிந்து 4 ஆண்டுகளுக்குள் வருமான வரிச் சட்டத்தின் 154-ஆம் பிரிவில் திருத்தம் கேட்கலாம். (2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் வந்தாலும் பழைய ஆண்டுகளுக்கு 1961 சட்டப் பிரிவுகள்தான்.)

பாக்கி உண்மைதான், கையில் பணம் இல்லை என்றால் 220(3) பிரிவின் கீழ் தவணை கேளுங்கள். நோட்டீஸ் கிடைத்து 30 நாள் முடிவதற்குள் மனு மதிப்பீட்டு அலுவலரிடம் சேர வேண்டும். கெடு தாண்டினால் மாதம் 1 சதவீத வட்டி: 60,000 ரூபாய்க்கு மாதம் 600. தவணை கிடைத்தாலும் இந்த வட்டி ஓடும். அதைக் குறைக்க முதன்மை ஆணையருக்கு 220(2A) மனு போடலாம். மூன்றையும் காட்ட வேண்டும்: உண்மையான கஷ்டம், உங்கள் கையை மீறிய காரணம், விசாரணைக்கு ஒத்துழைத்தது. "கஷ்டப்படுகிறேன்" என்று எழுதினால் நகராது. விவாகரத்து உத்தரவு, ஜீவனாம்சத் தொகை, 12 மாத வங்கிக் கணக்கு, வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவ ரசீது எல்லாவற்றையும் ரூபாய்க் கணக்கோடு இணையுங்கள்.

பணம் கட்டும்போது 400 என்ற குறியீட்டை (துறை கேட்ட பாக்கிக்கானது) தேர்ந்தெடுங்கள். 300-இல் (நீங்களே கணக்கிட்டுக் கட்டும் வரிக்கானது) கட்டினால் பணம் போய்விடும், பாக்கி அப்படியே நிற்கும்.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் கேட்க உரிமை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.