காமிக்கெட்டுக்கு ஆண்-ஆண் காமக் காமிக்ஸ்: அச்சுக்கு அனுப்பும் முன்

காமிக்கெட் என்பது ஜப்பானின் டோக்கியோவில் நடக்கும் காமிக்ஸ் விழா. அங்கே சொந்தமாக அச்சிட்டு விற்கிற இந்தப் புத்தகங்களுக்குப் பி5 வசதியான அளவு: 182 × 257 மி.மீ. நான்கு ஓரமும் 3 மி.மீ. கூட்டி வரையுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு விழும். நடுவில் பின் அடிப்பதென்றால் பக்கங்கள் 4-ஆல் வகுபட வேண்டும். கருப்பு வெள்ளைக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி). டோன் (நிழல் காட்டும் புள்ளி வடிவம்) போட்டபின் அளவை மாற்றினால் மார்பு முடி நிழலில் அலையலையாகப் புள்ளிகள் திரளும்.

தலைவலி தணிக்கைதான். ஆபாசப் படைப்புகளை விற்பதைத் தடுக்கும் ஜப்பானியக் குற்றவியல் சட்டம் 175-ஆம் பிரிவுக்காகப் பிறப்புறுப்பை மறைத்தாக வேண்டும். பேருக்கு ஒரு மெல்லிய கோடு இழுத்தால் அச்சகமே திருப்பிவிடும். மறைப்பைத் தனி லேயரில் வையுங்கள். கோப்பைச் சேமிக்கும்போது அது அணைந்திருந்தால் தொலைந்தது! அட்டையில் ‘ஆர்18’ (வயது வந்தோருக்கு மட்டும்) என்ற குறி, கடைசிப் பக்கத்தில் வெளியீட்டாளர் பெயர், தொடர்பு, தேதி, அச்சகம். விழா நாளில் ஒரு பிரதி அமைப்பாளர்கள் பார்வைக்குப் போகும். அதை விற்பனைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.