காதும் கண்ணும் மங்கிய பெரியவர்களிடம் பேசும்போது

வயதானால் காதில் முதலில் குறைவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான். 'ச', 'ஸ' போன்றவை நழுவிவிடும்; பேச்சு கேட்கும், ஆனால் புரியாது. கத்தினாலும் பயனில்லை. விட்டுப்போனதை அவர்கள் நம் உதட்டைப் பார்த்துத்தான் ஊகிக்கிறார்கள். பார்வையும் மங்கினால் அந்த வழியும் அடைபடும். அப்புறம் தனியாகக் கடைக்குப் போகவே தயங்குவார்கள். நாமோ இந்தத் தடுமாற்றத்தை மறதி என்று முடிவுகட்டிவிடுவோம்.

சன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள், உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் முகத்தில் விழட்டும். டிவியை அணைத்துவிட்டு நிதானமாகப் பேசுங்கள். புரியாவிட்டால் வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள்.

காது கேட்கும் கருவி வாங்குவதென்றால், சார்ஜ் போடும் வகையே சுலபம். பொட்டு அளவு பேட்டரியை மங்கிய கண்ணோடு மாற்றுவது பெரும்பாடு.