பந்தய விளையாட்டுகளில் காரைத் தேர்ந்தெடுப்பதும் சமப்படுத்துவதும்

கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய வீடியோ விளையாட்டில் ஒவ்வொரு காரின் திறமையும் புள்ளி என்ற ஓர் எண்ணால் குறிக்கப்படுகிறது. ஒரு பந்தயத்தின் வரம்பு 600 புள்ளி என்று அறிவிக்கப்பட்டால், 599 புள்ளி காட்டும் எந்தக் காரை எடுத்தாலும் போதும் என்றே புதிதாக வருபவர்களில் பலர் எண்ணுகிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் ஒரே புள்ளியில் நிற்கும் இரண்டு கார்கள் ஒரே தடத்தில் சுற்றுக்கு இரண்டு மூன்று வினாடி வேறுபடுவதும், தடம் மாறியவுடன் முந்திய கார் பிந்துவதும் அந்த விளையாட்டில் அன்றாடம் காணக்கூடியவை. அந்த எண் காரின் பொதுவான திறமையைப் பற்றிய மதிப்பீடு மட்டுமே. நீங்கள் ஓட்டப்போகும் தடத்தையோ உங்கள் கைப்பழக்கத்தையோ அது அறியாது. ஆகவே வரம்பைக் கையில் கொடுக்கப்பட்ட செலவுப் பணமாகக் கருதி, அந்தத் தடத்தில் எங்கே செலவழித்தால் நேரம் மிஞ்சும் என்று பார்த்துச் செலவழிக்க வேண்டும்.

முதலில் எண் எப்படி உருவாகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். கிரான் டூரிஸ்மோ 7-இல் இன்ஜின் திறன், எடை ஆகியவற்றோடு, பொருத்தியிருக்கும் டயர், காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசையான டவுன்ஃபோர்ஸ், சஸ்பென்ஷன் அமைப்பு ஆகியவையும் புள்ளியில் சேர்கின்றன. ஸ்போர்ட்ஸ் ஹார்டு டயரைக் கழற்றி, பிடிப்பு கூடிய ஸ்போர்ட்ஸ் சாஃப்ட் டயரை மாட்டினால், காரில் வேறு எதையும் தொடாமலேயே புள்ளி ஏறிவிடும். ஃபோர்சா ஹொரைசன் 5 என்ற இன்னொரு பந்தய விளையாட்டில் இதே கருத்து எழுத்து வகுப்புகளாக வருகிறது: 601 முதல் 700 வரை பி வகுப்பு, 701 முதல் 800 வரை ஏ, 801 முதல் 900 வரை எஸ்1. அங்கே ஒவ்வொரு உதிரிப்பாகமும் வாங்குவதற்கு முன்பே எண்ணை எவ்வளவு உயர்த்தும் என்று காட்டப்படுவதால், எந்தப் பாகம் எவ்வளவு புள்ளியை விழுங்குகிறது என்பதைக் கற்றுக்கொள்ள அந்த விளையாட்டே நல்ல இடம்.

தடத்தைப் படித்தல்

காரைத் தேடுவதற்கு முன் தடத்தின் வரைபடத்தைத் திறந்து, மிக நீளமான நேர்ப்பாதை எது, அதற்குள் நுழையும் வளைவு மெதுவானதா வேகமானதா, மிகக் கடுமையாகப் பிரேக் பிடிக்கும் இடங்கள் எத்தனை என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மோன்ஸா 5.793 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் பெரும்பகுதி முழு ஆக்சிலரேட்டரில் கழிகிறது. எனவே அங்கே இன்ஜின் திறனும் குறைந்த காற்றுத் தடையுமே விலைமதிப்பு மிக்கவை. ஜப்பானிலுள்ள ட்சுகுபா வெறும் 2.045 கிலோமீட்டர்; கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் அந்தத் தடத்தில் எடை குறைந்த கார், திறனில் பின்தங்கியிருந்தாலும், பிரேக்கிலும் திருப்பத்திலும் இழந்ததை மீட்டுவிடுகிறது. ஏறத்தாழ 20.8 கிலோமீட்டர் நீளும் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே முற்றிலும் வேறு வகை. மேடுகளும் குழிவுகளும் நிறைந்த அந்தப் பாதையில், எட்டு நிமிடம் தொடர்ந்து நம்பி ஓட்டக்கூடிய நிதானமான கார், காகிதத்தில் அதைவிட வேகமான ஆனால் பதற்றமான காரை வென்றுவிடும். ஏனெனில் அங்கே ஒரு தவறு முழுச் சுற்றையும் விழுங்கிவிடுகிறது.

இதற்கு அடுத்ததாக இன்ஜின் எங்கே இருக்கிறது, எந்தச் சக்கரங்களை ஓட்டுகிறது என்பதைப் பாருங்கள். முன்சக்கர இயக்கக் கார்கள் நேராக நிற்பதில் உறுதியானவை. ஆனால் திருப்புவதும் இழுப்பதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்டயர்களின் தலையிலேயே விழுவதால், டயர் தேய்மானம் முடுக்கப்பட்ட நீண்ட பந்தயங்களில் அவை சீக்கிரம் களைத்துவிடும். இன்ஜின் நடுவில் உள்ள கார்கள் வளைவுக்குள் கூர்மையாகத் திரும்புகின்றன. வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்புறம் சுழன்றுவிடுவதும் அவற்றின் இயல்புதான். நான்கு சக்கர இயக்கம் புறப்பாட்டிலும் ஈரத் தரையிலும் மண் பாதையிலும் பெரும் உதவி. உலர்ந்த தார்ப் பாதையில் அதன் கூடுதல் எடையும் முன்பக்கம் தள்ளும் குணமும் (ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் போதிய அளவு திரும்பாமல் வெளிநோக்கிப் போவது) அந்த உதவியின் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. ஃபோர்சா ஹொரைசனில் எல்லாக் காரையும் நான்கு சக்கர இயக்கத்திற்கு மாற்றிவிடுவதைப் பலர் வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். உலர்ந்த தார்த் தடத்தில் அந்தப் புள்ளிகளை நல்ல டயருக்கும் எடைக் குறைப்புக்கும் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து.

ஸ்டியரிங் சக்கரம் வைத்து ஓட்டுகிறீர்களா, கையடக்கக் கன்ட்ரோலரில் ஓட்டுகிறீர்களா என்பதும் தேர்வில் சேர வேண்டிய ஒன்று. கன்ட்ரோலரின் சிறிய குச்சியில் நுணுக்கமான திருத்தங்கள் கடினம் என்பதால், பின்புறம் துள்ளும் காரைவிட முன்புறம் சற்றே தள்ளும் காரே பெரும்பாலோருக்கு நல்ல சராசரி நேரத்தைத் தருகிறது.

எடையை ஏற்றுவதா, திறனைக் குறைப்பதா

வரம்புக்குச் சற்று மேலே உள்ள காரைக் கீழே இறக்கவும், நண்பர்களுக்கிடையே கார்களைச் சமப்படுத்தவும் பெரும்பாலான விளையாட்டுகள் இரண்டு கருவிகளைத் தருகின்றன: பேலஸ்ட் எனப்படும் கூடுதல் எடை, பவர் ரெஸ்ட்ரிக்டர் எனப்படும் திறன் கட்டுப்படுத்தி. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும்.

1,300 கிலோ எடையும் 400 குதிரைத்திறனும் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறனுக்கு 3.25 கிலோ. ரெஸ்ட்ரிக்டரை 90 விழுக்காட்டுக்கு இறக்கினால் திறன் 360 ஆகி, விகிதம் 3.61 ஆகிறது. திறனைத் தொடாமல் 144 கிலோ எடையை ஏற்றினாலும் அதே 3.61 வரும். விகிதம் ஒன்றாயினும் கார்கள் இரண்டும் வேறு வேறு. திறன் குறைந்த கார் தன் பிரேக்கையும் வளைவு வேகத்தையும் அப்படியே வைத்திருக்கிறது. அது இழப்பது நேர்ப்பாதையில். காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்வதால், திறனில் 10 விழுக்காடு போனால் உச்ச வேகத்தில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு போகும். அதாவது 280 கிலோமீட்டர் வேகம் தொட்ட கார் 270-இல் நின்றுவிடும். எடை ஏறிய காரோ உச்ச வேகத்தை அநேகமாக இழப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் 11 விழுக்காடு கூடுதலான இயக்க ஆற்றலை அது கரைக்க வேண்டியிருக்கிறது. சுமை கூடக்கூட டயரின் பிடிப்பு அதே விகிதத்தில் கூடாததால் வளைவில் மெதுவாகிறது. டயரையும் விரைவாகத் தேய்க்கிறது.

இதிலிருந்து செய்ய வேண்டியது தானே புலப்படும். மோன்ஸா போன்ற தடத்திற்குக் காரை இறக்க வேண்டுமானால் எடையை ஏற்றுங்கள். ட்சுகுபா போன்ற தடத்திற்கு ரெஸ்ட்ரிக்டரைப் பயன்படுத்துங்கள். இடைப்பட்ட தடங்களில் இரண்டையும் பாதிப் பாதியாக வைத்துத் தொடங்கி, ஓட்டிப் பார்த்து நகர்த்துங்கள். எடையைக் கூட்டும்போது கிலோவை மட்டும் பார்க்காமல் காரின் எடையில் அது எத்தனை விழுக்காடு என்பதையும் பார்க்க வேண்டும்: ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள மாஸ்டா ரோட்ஸ்டருக்கு 50 கிலோ என்பது 5 விழுக்காடு, 1,500 கிலோ காருக்கு அது ஏறத்தாழ 3.3 விழுக்காடுதான்.

பேலஸ்டின் இடத்தையும் கிரான் டூரிஸ்மோ 7-இல் முன்னும் பின்னும் நகர்த்தலாம். முன்புறம் தள்ளும் காரில் எடையைப் பின்னோக்கி நகர்த்தினால் அது திரும்பத் தொடங்கும். பின்புறம் சுழலும் காரில் முன்னோக்கி நகர்த்தினால் அடங்கும். ஏற்றியே ஆக வேண்டிய எடையை இப்படிக் காரின் குறையைத் திருத்தப் பயன்படுத்துவது, இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நண்பர்களுக்கிடையே கார்களைச் சமப்படுத்துதல்

வெவ்வேறு கார்களை ஒரே களத்தில் நியாயமாக மோதவிடுவது உண்மையான பந்தய உலகம் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்களுக்கென 2006-இல் தொடங்கிய ஜிடி3 பிரிவு இதன் மேல்தான் கட்டப்பட்டது. முன்புறம் 6.2 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி3, நடுவில் 3.9 லிட்டர் டர்போ இன்ஜின் கொண்ட ஃபெராரி 488 ஜிடி3, பின்புறத்தில் ஆறு சிலிண்டர் இன்ஜின் கொண்ட போர்ஷே 911 ஜிடி3 ஆர் ஆகியவை ஒரே வரிசையில் நிற்க முடிவது, எடை, இன்ஜினுக்குப் போகும் காற்று, டர்போ அழுத்தம், தரையிலிருந்து உயரம் ஆகியவற்றை அமைப்பாளர்கள் காருக்குக் கார் நிர்ணயிப்பதால்தான். இதையே பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ், சுருக்கமாக பிஓபி என்கிறார்கள். கிரான் டூரிஸ்மோவின் ஜிஆர்.3, ஜிஆர்.4 எனும் பந்தயக் கார்ப் பிரிவுகளில் இது ஆயத்தமாகவே கிடைக்கிறது. அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனே விளையாட்டில் தடத்திற்குத் தடம் வேறுபடும் பிஓபி இருப்பதோடு, சொந்தமாகச் சர்வர் நடத்துபவர்கள் ஒவ்வொரு போட்டியாளருக்கும் எடையும் ரெஸ்ட்ரிக்டரும் சேர்க்கலாம்.

ஆயத்தமான பிஓபி இல்லாத சாலைக் கார்களை நீங்களே சமப்படுத்த வேண்டியிருந்தால், எல்லாக் கார்களையும் ஒரே ஆள், ஒரே டயரில், ஒரே அளவு எரிபொருளில், ஒரே நேரத்தின் தரை வெப்பத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காருக்குப் பத்துச் சுற்று ஓட்டுங்கள். முதல் மூன்றைப் பழக்கத்திற்கு விட்டுவிடுங்கள். மிச்சமுள்ள ஏழில் மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் நீக்கி, ஐந்தின் சராசரியை எடுங்கள். ஒற்றை வேகமான சுற்றை அளவுகோலாக வைத்துச் சமப்படுத்திய பந்தயங்கள் பெரும்பாலும் கசப்பில் முடிவதை நான் கண்டிருக்கிறேன். பிறகு ஓட்டும் பாணி வேறுபட்ட இன்னொருவரும் அதே சோதனையைச் செய்யட்டும். இருவருடைய வரிசையும் ஒத்துப்போனால் அந்த வேறுபாடு காரில் இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் அது கையில் இருக்கிறது.

சுற்று நேரம் சமமானவுடன் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பலரும் தவறவிடும் இடம் இதுவே. நேர்ப்பாதையில் வேகமான காரும் வளைவில் வேகமான காரும் தனியே ஓடும்போது ஒரே நேரத்தைக் காட்டினாலும், கூட்டத்தில் ஓடும்போது நிலைமை வேறு: நேர்ப்பாதைக் கார் ஸ்லிப்ஸ்ட்ரீமில், அதாவது முன்னால் போகும் காருக்குப் பின்னே காற்றுத் தடை குறைந்த இடத்தில், நுழைந்து எளிதாக முந்திவிடுகிறது; முந்தியபின் வளைவுகளில் மெதுவாகப் போய், பின்னால் வருபவரின் மேன்மையைப் பயன்படவிடாமல் அடைத்துவிடுகிறது. ஆகவே சமப்படுத்தும்போது நேர்ப்பாதையின் இறுதியில் எட்டும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்களுக்கிடையே அது 5 கிலோமீட்டருக்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டு, சுற்று நேரத்தில் எஞ்சும் வேறுபாட்டை எடையால் சரிசெய்வதையே நான் கடைப்பிடிக்கிறேன்.

நீண்ட பந்தயமானால் டயரும் எரிபொருளும் கணக்கில் சேரும். சுற்றுக்கு அரை வினாடி மெதுவான கார், முப்பது சுற்றில் 15 வினாடிதான் இழக்கிறது. அது எரிபொருளைச் சிக்கனமாக எரித்து, எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் நிற்கும் பிட்டுக்கு ஒரு முறை குறைவாக வந்தால், அந்த 15 வினாடியைவிட அதிகமாகவே மீட்டுவிடும். எனவே ஒவ்வொரு காரும் ஒரு முழு டயர்த் தொகுப்பிலும் ஒரு முழு டேங்கிலும் எத்தனை சுற்று தாங்குகிறது என்பதைச் சோதனை நாளிலேயே எழுதிவையுங்கள். கிரான் டூரிஸ்மோ 7-இல் எரிபொருள் அமைப்பு 1 (முழுத் திறன்) முதல் 6 (மிகச் சிக்கனம்) வரை மாற்றக்கூடியது என்பதால், சோதனையின்போது எல்லோரும் 1-இலேயே ஓட்டுவது நல்லது.

கார்களின் வேறுபாட்டையும் ஓட்டுநர்களின் வேறுபாட்டையும் ஒரே திருத்தத்தில் சேர்த்துக் குழப்பாதீர்கள். கார்களை முதலில் சமப்படுத்தி நிறுத்துங்கள். அதன் பிறகும் ஒருவரே தொடர்ந்து வென்றால், அதற்கென்று தனியாக வெற்றி எடையை ஏற்றலாம். ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத் தொடரில், போட்டிகளில் பெற்ற புள்ளிகளுக்கேற்ப எடை ஏறும் முறை இருக்கிறது. பிரிட்டனின் கார் பந்தயத் தொடரான பிடிசிசி அத்தகைய எடையைப் பல ஆண்டுகள் பயன்படுத்தி, 2022-இல் அதைக் கைவிட்டு, முன்னணியில் இருப்பவரின் ஹைபிரிட் திறனை (மின்மோட்டார் தரும் கூடுதல் திறனை) கட்டுப்படுத்தும் முறைக்கு மாறியது. நண்பர்களிடையே வெற்றிக்கு 10 கிலோ ஏற்றி, முதல் மூன்று இடங்களுக்கு வெளியே முடித்தால் அதை இறக்குவதாக முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டால் சண்டை வராது.

திருத்தங்களைப் பந்தயத்திற்கு முந்தைய நாளே அறிவித்துவிடுங்கள்; பந்தயம் நடக்கும் மாலையில் எண்ணைத் தொடாதீர்கள். ஒரே தடத்தின் முடிவைப் பார்த்து ஒரு காரைத் தண்டிப்பதும் சரியல்ல. குறைந்தது ஒரு வேகமான தடத்திலும் ஒரு மெதுவான தடத்திலும் அந்தக் கார் முன்னே போனால் மட்டுமே கை வையுங்கள். அப்போதும் ஒரு முறைக்கு 10 கிலோவோ ஒரு விழுக்காடு திறனோ, ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடியும் அதே பத்துச் சுற்றை ஓட்டிப் பாருங்கள்.