மோட்டபிலிட்டி காரை லீஸ் முடியும்போது வாங்குவது எப்படி?

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான மோட்டபிலிட்டி திட்டத்தில் கார் எடுத்தவர்கள் லீஸ் முடியும் சமயத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “இந்தக் காரையே வாங்கிவிடலாமா?” வாங்கலாம். ஆனால் காரின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விலை கட்டுப்படியாகிறதே என்று வாங்கிவிட்டு, அடுத்த வாரம் இன்சூரன்ஸ் தொகையைப் பார்த்துத் தலையில் கைவைத்த குடும்பங்கள் உண்டு. அதனால் கீழே உள்ள படிகளில் விலை கேட்பது மூன்றாவதாகத்தான் வருகிறது.

புதியவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1977இல் தொடங்கிய திட்டம் இது. பிஐபி (பர்சனல் இண்டிபென்டென்ஸ் பேமெண்ட்) அல்லது டிஎல்ஏ (டிசபிலிட்டி லிவிங் அலவன்ஸ்) எனும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையில், நடமாட்டத்துக்கான பகுதியை உயர்ந்த விகிதத்தில் பெறுபவர்கள், அந்தப் பணத்தைக் கையில் வாங்காமல் காருக்கு மாற்றிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் இதற்கு இணையான உதவித்தொகைகள் உண்டு. சாதாரணக் காருக்கு லீஸ் 3 வருடம். வீல்சேரோடு ஏறும்படி மாற்றியமைத்த வண்டிக்கு 5 வருடம். கார் கடைசி நாள் வரை மோட்டபிலிட்டி ஆபரேஷன்ஸ் நிறுவனத்துக்கே சொந்தம். நீங்கள் ஆரம்பத்தில் கட்டிய அட்வான்ஸ் திரும்ப வராது, வாங்கும் விலையில் கழித்துக்கொள்ளவும் மாட்டார்கள். தவணை கட்டி முடித்தால் சொந்தமாகும் ஏற்பாடு இல்லை இது, வாடகைதான்.

படி 1: எதை விடுகிறீர்கள், எது கைக்கு வருகிறது?

லீஸ் இருக்கும்வரை இன்சூரன்ஸ், சாலை வரி, சர்வீஸ், டயர், கண்ணாடி, நடுவழியில் நின்றால் வரும் உதவி என்று எதற்கும் தனியாக யோசித்திருக்க மாட்டீர்கள். காரை வாங்கிய நாளிலிருந்து இவையெல்லாம் உங்கள் பொறுப்பு.

அதற்குப் பதிலாக உதவித்தொகை மறுபடி உங்கள் கணக்குக்கு வரும். 2025–26 கணக்கில் பிஐபியின் அந்த உயர் விகிதம் வாரத்துக்கு 77.05 பவுண்டு. நாலு வாரத்துக்கு ஒருமுறை 308.20, வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 பவுண்டு. இந்த நாலாயிரத்துக்குள் மேலே சொன்ன எல்லாம் அடங்கி, கார் வாங்க எடுத்த கடன் இருந்தால் அதுவும் அடங்குமா? ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள்.

படி 2: இன்சூரன்ஸ் விலையை முதலில் கேளுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். விலை ஒப்பிடும் தளங்களில் காரின் பதிவு எண்ணைப் போட்டு, ஓட்டப்போகிற எல்லோரையும் சேர்த்து, லீஸ் முடியும் நாளைத் தொடக்க நாளாகக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் 22 வயது மகன் ஓட்டுகிறான் என்றால் அவனைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பல வீடுகளில் முடிவைச் சொல்லிவிடும்.

திட்டத்தில் இருந்த வருடங்களுக்கு, வெளி பாலிசியில் சேர்வதுபோல நோ கிளெயிம் தள்ளுபடி (கிளெயிம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் சலுகை) தானாகச் சேர்வதில்லை. ஆனால் விபத்து, கிளெயிம் எதுவும் இல்லாமல் ஓட்டியதற்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கலாம். எல்லாக் கம்பெனியும் அதை ஏற்காது, சில ஏற்கும். போன் பண்ணிக் கேட்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அப்புறம், கை கன்ட்ரோல், இடதுகால் ஆக்ஸிலரேட்டர் மாதிரி மாற்றங்கள் காரில் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் கிளெயிம் நேரத்தில் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

படி 3: இப்போது விலை

லீஸ் முடிய ஏறக்குறைய மூன்று மாதம் இருக்கும்போது மோட்டபிலிட்டி ஆபரேஷன்ஸுக்குப் போன் செய்து, வாங்க விரும்புவதாகச் சொல்லுங்கள். லீஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால், ஆரம்பத்திலேயே “என் மகள் எனக்காகப் பேசலாம்” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை உங்களிடம் கொடுக்கலாம். கேட்க வேண்டியவை: விலை என்ன, அந்த விலை எத்தனை நாள் செல்லும், எப்படிப் பணம் கட்டுவது, குடும்பத்தில் வேறொருவர் பேரில் வாங்கலாமா, காரில் பொருத்திய கருவிகள் என்ன ஆகும், நல்ல நிலையில் வைத்திருந்ததற்கான போனஸ் வாங்குபவர்களுக்கும் உண்டா. பதில்களையும் பேசிய தேதியையும் எழுதி வையுங்கள்.

விலை வந்ததும் ஆட்டோ டிரேடர் தளத்தில் அதே மாடல், அதே வருடம், ஏறக்குறைய அதே மைலேஜ் உள்ள கார்களைப் பாருங்கள். டீலர் போடும் விலையில் அவருடைய வாரன்டியும் லாபமும் சேர்ந்திருக்கும். உங்களுக்கு வரும் விலை அதைவிடத் தெளிவாகக் குறைவாக இல்லையென்றால் அவசரப்பட ஒன்றுமில்லை. முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். கடன் தேவையென்றால் வங்கியில் முன்கூட்டியே பேசி, அதன் வட்டியையும் படி 1 தாளில் சேருங்கள்.

படி 4: லீஸ் இருக்கும்போதே காரைச் சரிபார்த்துவிடுங்கள்

வர வேண்டிய சர்வீஸை முடித்துவிடுங்கள். டயரின் வரிப்பள்ளம் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும், தேய்ந்து அதை நெருங்கிவிட்டதென்றால் இப்போதே காட்டுங்கள். கண்ணாடியில் கல்பட்ட சின்ன வெடிப்பும் அப்படித்தான். கதவில் வரும் சத்தம், திரையில் அடிக்கடி எரியும் எச்சரிக்கை விளக்கு, சரியாகக் குளிராத ஏசி எல்லாவற்றையும் டீலரிடம் எழுத்தில் கொடுங்கள். பல தயாரிப்பாளர்களின் வாரன்டி 3 வருடம்தான், அதாவது லீஸும் வாரன்டியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே முடியும். ஹூண்டாய் 5 வருடம், கியா 7 வருடம் தருகின்றன. மற்றதெல்லாம் சமமாக இருந்தால் இப்படி வாரன்டி மிச்சமுள்ள காரை வாங்கத்தான் நான் சொல்வேன். எலெக்ட்ரிக் கார் என்றால் பேட்டரிக்குத் தனி வாரன்டி உண்டு, பெரும்பாலும் 8 வருடம்.

கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்ஓடி சோதனையும் இதே நேரத்தில்தான் வந்து நிற்கும். முதல் எம்ஓடி காரின் மூன்றாம் பிறந்தநாளுக்குள் (வட அயர்லாந்தில் நாலாவது). அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது புத்திசாலித்தனம்.

வீல்சேர் வண்டி வாங்குகிறவர்கள் சாய்தளம், வின்ச், வீல்சேரைக் கட்டும் பெல்ட் இவற்றை ஒருவரை வைத்துச் சோதித்துவிடுங்கள். இத்தனை நாள் இவற்றின் பராமரிப்பும் லீஸுக்குள் அடங்கியிருந்தது; இனி ஒரு மோட்டார் மாற்றினாலும் செலவு உங்களுடையது.

படி 5: சாலை வரி

காரின் வரி கைமாறாது. வாங்கியவர் புதிதாகப் போட வேண்டும். பிஐபி நடமாட்டப் பகுதியை உயர் விகிதத்தில் பெறுபவருக்கு வரிவிலக்கு உண்டு, ஆனால் ஒரே ஒரு காருக்கு மட்டும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள்: பழைய காரை வாங்கிக்கொண்டு, புதிதாக இன்னொரு மோட்டபிலிட்டி காரும் எடுத்தால் விலக்கும் உதவித்தொகையும் புதிய காரோடு போய்விடும். பழைய காருக்கு முழு வரி.

விலக்கு வேண்டுமென்றால் கார் உதவித்தொகை பெறுபவர் பேரிலோ, அவர் நியமித்த ஓட்டுநர் பேரிலோ இருக்க வேண்டும், உதவித்தொகை பெறுபவரின் தேவைக்கே ஓட வேண்டும். “மருமகன் பேரில் வாங்கி, வரியை மட்டும் மாமியின் பிஐபியில் காட்டலாம்” என்ற யோசனை அவ்வளவு சுலபமில்லை, மருமகன் அந்தக் காரில் தினமும் வேலைக்குப் போகிறவர் என்றால். வரி போடும் வசதியுள்ள போஸ்ட் ஆபீஸுக்கு, வி5சி எனும் லாக்புக் (காரின் பதிவுப் பத்திரம்) அல்லது புதிய உரிமையாளர் சீட்டு, பிஐபி தகுதிக் கடிதம் இரண்டையும் எடுத்துப் போங்கள்.

படி 6: கைமாறும் நாள்

லீஸ் முடிந்தால் அதன் இன்சூரன்ஸும் முடிந்தது. உங்கள் பாலிசி அதே நேரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். இடையில் ஒருநாள் இடைவெளி இருந்தாலும் கார் வீதியில் நிற்கக்கூட முடியாது. வரி போடாமலும் ஓட்டக்கூடாது. நடுவழி உதவிக்கு ஆர்ஏசி மாதிரி ஏதாவதொன்றில் சேர்ந்துகொள்ளுங்கள். பணம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதியான நீல பேட்ஜ் ஆளுக்குத்தான், காருக்கு இல்லை, அதில் மாற்றமில்லை.

பிஐபி பணம் டிடபிள்யூபி எனும் அரசுத் துறையிடமிருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை, முடிந்த வாரங்களுக்குத்தான் வரும். அதனால் முதல் தொகை வரும்வரை இன்சூரன்ஸின் முதல் தவணைக்குக் கையில் பணம் வைத்திருங்கள். எதிர்பார்த்த தேதியில் வரவில்லையென்றால், லீஸ் முடிந்த தகவல் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் மோட்டபிலிட்டியிடம் கேட்டுவிட்டு, பிறகு டிடபிள்யூபிக்குப் போன் செய்யுங்கள்.